வீரிய ஒட்டின் வீரியம் எங்கே இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

வீரிய ஒட்டு ரகங்களைப் பற்றி வந்த கடிதங்களில், கலப்பின வீரியத்தின், அதாவது கலப்பினம் தன் பெற்றோரைவிட ஓங்கி வளர்ந்து விளையும் தன்மையின், மரபியல் காரணத்தையும் அதைத் தேடும் மரபணு வரைபட முறைகளையும் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றின் பதில் அடுத்ததற்கு உதவும் என்பதால் கடிதங்கள் வந்த வரிசையை மாற்றியிருக்கிறோம்.

கேள்வி: வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் நல்ல கதிர்களாகப் பார்த்து விதை எடுத்து விதைத்தேன். பயிர் ஒரே சீராக வரவில்லை, விளைச்சலும் குறைந்தது. விதை நிறுவனத்தார் விதையில் ஏதாவது செய்துவிடுகிறார்களா?
– விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்

அப்படி எதுவும் செய்ய வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தன்மகரந்தச் சேர்க்கை செய்து பெற்ற இரண்டு தூயவழிகளைக் கலந்து கிடைப்பதே நீங்கள் வாங்கும் விதை. அந்த முதல் தலைமுறையில் எல்லாச் செடிகளும் ஒரே மரபமைப்பு உடையவை. பெற்றோர் இருவரும் வேறுபடும் ஒவ்வொரு மரபணு இடத்திலும் ஆளுக்கொரு அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்) வந்து சேர்ந்திருக்கும். அந்தச் செடிகளிலிருந்து விதை எடுத்தால், அப்படிக் கலந்திருந்த இடங்களில் சராசரியாகப் பாதி, ஒரே வகை அல்லீல் இரட்டிப்பான நிலைக்குத் திரும்பிவிடும். எந்தச் செடியில் எந்தப் பாதி என்பது செடிக்குச் செடி மாறுவதால் சீரும் போய்விடுகிறது, வீரியத்திலும் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. நல்ல கதிராகப் பார்த்து எடுத்ததால் இதைத் தடுக்க முடியாது. ஏனெனில் முதல் தலைமுறையில் கதிருக்குக் கதிர் தெரியும் வேறுபாடு மண், நீர், உரம் ஆகியவற்றால் வந்ததே தவிர மரபால் வந்ததன்று.

கரும்பில் இந்தத் தொல்லை இல்லை. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 'வெள்ளை' என்னும் ஆலைக்கரும்பையும் காட்டுக் கரும்பையும் கலந்து உருவாக்கி, 1918-இல் வெளியிடப்பட்ட கோ 205 ரகமும் கலப்பினந்தான். ஆனால் கரும்பைக் கரணை வைத்துப் பயிரிடுவதால், கலந்த மரபமைப்பு எத்தனை தலைமுறையானாலும் கலையாமல் அப்படியே தொடர்கிறது.

கேள்வி: கலப்பின வீரியத்துக்கு ஓங்குதன்மைக் கொள்கை, மிகை ஓங்குதன்மைக் கொள்கை என்று இரண்டு விளக்கங்களைப் பாடநூல்கள் தருகின்றன. நூறாண்டு கடந்தும் எது சரி என்று முடிவாகாதது ஏன்? மரபணு வரைபடம் வந்த பிறகாவது தீர்ந்திருக்க வேண்டாமா?
– தாவரவியல் ஆசிரியர், தென்காசி

1908-இல் டாவன்போர்ட்டும் 1910-இல் புரூஸும் முன்வைத்த ஓங்குதன்மைக் கொள்கையின்படி, ஒவ்வொரு தூயவழியிலும் சில இடங்களில் ஊறு செய்யும் ஒடுங்கு அல்லீல்கள் நிலைத்துவிடுகின்றன. இரண்டு வழிகளைக் கலக்கும்போது ஒன்றன் குறையை மற்றதன் ஓங்கு அல்லீல் மூடிவிடுகிறது. அதே காலத்தில் அமெரிக்காவில் மக்காச்சோளத்தை ஆராய்ந்த ஷல், ஈஸ்ட் ஆகியோரின் எண்ணம் வேறு வழியில் சென்றது. ஓரிடத்தில் இரு வேறு அல்லீல்கள் சேர்ந்திருப்பதே செடிக்கு ஊக்கம் தருகிறது, இரண்டில் எது இரட்டிப்பானாலும் அந்த ஊக்கம் வராது என்பது அவர்கள் கருத்து. முதலாவது சரியென்றால் நல்ல அல்லீல்கள் அனைத்தையும் ஒரே தூயவழியில் திரட்டி, கலப்பினத்துக்கு நிகராக விளைந்து, விதையும் சேமிக்கத்தக்க ரகம் ஒன்றை என்றாவது உருவாக்கலாம். இரண்டாவது சரியென்றால் அது எந்நாளும் இயலாது. பெரம்பலூர் விவசாயியின் கேள்விக்கும் தங்கள் கேள்விக்கும் உறவு இருப்பது இங்கேதான்.

வரைபட ஆய்வு செய்வது என்னவென்றால், பிரிந்து வரும் ஒரு சந்ததித் தொகுதியில் ஒவ்வொரு செடியின் குரோமோசோம்களிலும் எந்தப் பகுதி எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்பதை, பெற்றோரிடையே வேறுபடும் டி.என்.ஏ. அடையாளங்களான குறிப்பான்களால் அறிந்து, அதை விளைச்சலோடு பொருத்திப் பார்ப்பதுதான். ஒரு குறிப்பான் இருக்கும் இடத்தில் தாயின் அல்லீல் இரட்டிப்பானவை, தந்தையின் அல்லீல் இரட்டிப்பானவை, இரண்டும் கலந்தவை என மூன்று வகைச் செடிகள் இருக்கும். இரட்டிப்பான இரு வகைகளின் சராசரி விளைச்சலுக்கு இடையிலான வேறுபாட்டில் பாதி, கூட்டு விளைவு. அவ்விரண்டின் நடுப்புள்ளியிலிருந்து கலந்த வகை எவ்வளவு விலகி நிற்கிறது என்பது ஓங்குதன்மை விளைவு. பின்னதை முன்னதால் வகுத்து வரும் எண் சுழியத்தை ஒட்டியிருந்தால் ஓங்குதன்மை இல்லை, 1-ஐ ஒட்டியிருந்தால் முழு ஓங்குதன்மை, 1.2-க்கு மேல் சென்றால் மிகை ஓங்குதன்மை என்று வகைப்படுத்துவது வழக்கம்.

ஸ்டூபரும் உடன் ஆய்வாளர்களும் 1992-இல் மக்காச்சோளத்தின் பி73, எம்ஓ17 என்னும் புகழ்பெற்ற இரு தூயவழிகளைக் கலந்து வந்த மூன்றாம் தலைமுறை வழிகளை இரு பெற்றோருடனும் மீண்டும் கலந்து, 76 குறிப்பான்களைக் கொண்டு இந்தக் கணக்கைப் போட்டார்கள். விளைச்சலுக்காக அகப்பட்ட இடங்களில் ஒன்று நீங்கலாக எல்லாவற்றிலும் கலந்த வகையே முந்தி நின்றது. மிகை ஓங்குதன்மைக் கொள்கை வென்றுவிட்டது என்றே அன்று தோன்றியது.

சிக்கல் பிணைப்பில் இருந்தது. ஒரு குரோமோசோமில் அருகருகே இரண்டு மரபணுக்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பெற்றோரில் முதலாவது நல்லது, இரண்டாவது கெட்டது. மற்ற பெற்றோரில் அதற்கு நேர்மாறு. மரபியலார் விலகிய அமைவு என்று சொல்வது இதைத்தான். இவை ஒரே கயிற்றில் பிணைத்த இரண்டு மாடுகளைப் போலச் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. எந்தப் பெற்றோரின் பகுதி இரட்டிப்பானாலும் ஒரு குறை வெளிப்படும். கலந்த செடியில் மட்டுமே இரு குறைகளும் மறையும். மரபணு ஒவ்வொன்றும் சாதாரண ஓங்குதன்மையே உடையதாயினும், இரண்டையும் பிரித்துக் காணாத வரைபடத்தில் அந்தப் பகுதி மிகை ஓங்குதன்மை உடைய ஒரே மரபணுவாகத் தெரியும். பிணைப்பின் பங்கை ஜோன்ஸ் 1917-லேயே எடுத்துரைத்திருந்தார். 1996-இல் காக்கர்ஹாமும் ஸெங்கும் ஸ்டூபரின் தரவுகளை மறுபடி ஆய்ந்து, ஓங்குதன்மையே அவற்றை விளக்கப் போதும் என்றார்கள். மறு ஆண்டு ஸ்டூபரின் குழுவினரே ஐந்தாம் குரோமோசோமில் பெரிய விளைவு காட்டிய ஒரு பகுதியை நுணுகி வரைந்தபோது, அது விலகிய அமைவில் உள்ள குறைந்தது இரண்டு இடங்களாகப் பிரிந்தது. தம் முடிவைத் தாமே சோதித்துப் பிளந்து பார்த்த அந்த நேர்மையை மாணவர்களுக்குத் தாங்கள் சொல்லலாம்.

குறிப்பான்கள் வருவதற்கு முன்பே இதற்கு வலுவான சான்று ஒன்று இருந்தது. மக்காச்சோளத்தில் இரண்டாம் தலைமுறையில் மதிப்பிட்டபோது மிகை ஓங்குதன்மையாகத் தெரிந்தது, அதே தொகுதியைப் பல தலைமுறைகள் தங்களுக்குள் கட்டின்றிக் கலக்கவிட்டுப் பிணைப்புகள் அறுந்த பிறகு மதிப்பிட்டபோது பகுதி ஓங்குதன்மையாக இறங்கிவிட்டது என்று 1964-இல் மாலும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். மரபணு ஒன்றின் இயல்பு தலைமுறையைப் பொறுத்து மாறாது. மாறியது பிணைப்பு மட்டுமே. என் பார்வையில், பாடநூலில் இரு கொள்கைகளையும் சரிசமமாக எழுதி நிறுத்துவதைவிட இந்த ஒரு சோதனையைச் சேர்ப்பது அதிகப் பயன் தரும்.

கேள்வி: ஒரு நெல் கலப்பிலிருந்து 180 எஃப்2 (இரண்டாம் தலைமுறை) செடிகள் என்னிடம் உள்ளன. பத்தாயிரம் எஸ்.என்.பி. (டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மட்டும் வேறுபடும் இடம்) குறிப்பான்களுக்கு மேல் பார்க்கும் வசதியும் கிடைத்திருக்கிறது. கலப்பின வீரியத்துக்குரிய மரபணு இடங்களை இதிலேயே கண்டுபிடிக்க முடியுமா, வேறு தொகுதி உருவாக்க வேண்டுமா?
– பயிர் இனப்பெருக்கவியல் ஆராய்ச்சி மாணவி, கோயம்புத்தூர்

உங்கள் குறை குறிப்பான்களில் இல்லை, செடிகளில் இருக்கிறது. நெல்லின் மரபணு வரைபடத்தின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,500 சென்டிமார்கன். இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றம் நூறு இனச்செல்களுக்கு ஒன்று என்று எதிர்பார்க்கத்தக்க தூரமே ஒரு சென்டிமார்கன். பத்தாயிரம் குறிப்பான்களைப் பரப்பினால் இரண்டுக்கு இடையே சராசரியாக 0.15 சென்டிமார்கன் வரும். 180 செடிகளில் 360 இனச்செல்களின் வரலாறு பதிந்திருக்கிறது. அந்தச் சிறு இடைவெளியில் அத்தனையிலும் சேர்த்து அரைக் குறுக்கேற்றம்தான் எதிர்பார்க்க முடியும். அதாவது, அடுத்தடுத்த குறிப்பான்களில் பெரும்பகுதி எல்லாச் செடிகளிலும் ஒரே விடையையே தரும். முந்தைய பதிலில் சொன்ன விலகிய பிணைப்பை உடைப்பவை குறுக்கேற்றங்களே என்பதால், குறிப்பான் எண்ணிக்கையை இன்னும் பத்து மடங்கு உயர்த்தினாலும் இந்தத் தொகுதியில் அது உடையாது.

அடுத்தது விளைச்சலை அளப்பது. எஃப்2 செடி ஒவ்வொன்றும் உலகில் ஒன்றே ஒன்று. அதைப் பல பாத்திகளில் திரும்ப நட முடியாது. ஓரச் செடியா நடுச் செடியா என்பதே ஒற்றைச் செடியின் விளைச்சலைப் புரட்டிப் போட்டுவிடும். அதைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்து மூன்றாம் தலைமுறைக் குடும்பமாக நட்டால் பாத்தி அளவில் அளக்கலாம், ஆனால் அதற்குள் ஓங்குதன்மை விளைவு பாதியாகத் தேய்ந்திருக்கும். போதாததற்கு, சிறிய தொகுதியில் அகப்படும் இடங்களின் விளைவு உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதைப் பீவிஸ் காட்டியிருக்கிறார். நூறு செடிகள் அளவில் இந்த மிகைப்பு மிக அதிகம், ஐந்நூறில் குறைவு, ஆயிரத்தில் ஏறத்தாழ இல்லை. உங்களுடைய 180 எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒற்றை விதை வழியாக ஆறேழு தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை செய்து பெறும் மறுகூட்டிணைவுத் தூயவழிகளை எத்தனை ஆண்டுகளும் எத்தனை ஊர்களிலும் நடலாம். ஆனால் அவற்றில் கலந்த நிலையே இல்லாததால் ஓங்குதன்மை விளைவைக் காண இயலாது. இதற்கு வழியாக அமைவது காம்ஸ்டாக்கும் ராபின்சனும் 1952-இல் விளக்கிய மூன்றாம் வட கரோலினா அமைப்பு. ஒவ்வொரு தூயவழியையும் இரு பெற்றோருடனும் கலந்து இரண்டு கலப்பினங்களைப் பெற வேண்டும். அவ்விரண்டின் விளைச்சலைக் கூட்டி வரும் எண் தூயவழிக்குத் தூயவழி மாறுவது கூட்டு விளைவால். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து வரும் எண் மாறுவது ஓங்குதன்மை விளைவால். கூட்டலுக்கு ஒரு வரைபடம், கழித்தலுக்கு ஒரு வரைபடம் என்று தனித்தனியே போட்டால் இரண்டும் கலக்காமல் கிடைக்கும். கியர்சியும் ஜிங்ஸும் 1968-இல் இதனுடன் முதல் தலைமுறைக் கலப்பினத்தையும் மூன்றாவது சோதனைப் பெற்றோராகச் சேர்த்தார்கள். அதனால் மரபணுக்கள் ஒன்றையொன்று பாதிக்கும் எபிஸ்டாசிஸையும் சோதிக்க முடிகிறது.

சீனாவின் ஊஹான் நகரில் ட்ஸாங் சீஃபாவின் குழுவினர் செய்தது இன்னொரு வழி. ஷான்யூ 63 என்னும் வீரிய ஒட்டு நெல்லின் பெற்றோரிடமிருந்து பெற்ற 240 தூயவழிகளை ஒவ்வொரு சுற்றிலும் குருட்டாம்போக்கில் இணை சேர்த்து 120 கலப்புகள், மூன்று சுற்றுகளில் 360 கலப்புகள் செய்தார்கள். அந்தத் தொகுதியில் ஓரிடத்தின் மூன்று மரபமைப்புகளும் எஃப்2-இல் போலவே 1:2:1 என்று அமைகின்றன. தூயவழிகள் கையில் இருக்கும் வரை அதே கலப்பை மீண்டும் செய்து அதே மரபமைப்பைப் பெறலாம். அழிவில்லாத எஃப்2 என்றே இதை அழைக்கிறார்கள். நெல்லில் பூப் பூவாக மகரந்தம் நீக்கிக் கலக்க வேண்டியிருப்பதால் கைவேலை கடுமையானது, பாத்தி அளவுக்கு விதை சேர்ப்பதும் எளிதன்று. ஆனால் கலப்பின வீரியத்தை நேரடியாக, கலப்பின விளைச்சலிலிருந்து அதன் பெற்றோர் சராசரியைக் கழித்து அளக்க இதற்கு இணையான தொகுதி இல்லை என்று நினைக்கிறேன். அப்படி அளந்தபோது, விளைச்சலுக்கான இடங்களும் வீரியத்துக்கான இடங்களும் பெரும்பாலும் ஒன்றாக அமையவில்லை என்பது 2003-இல் அவர்கள் கண்ட முடிவு. எஃப்2-இல் விளைச்சலை மட்டும் வரைந்துவிட்டு அதையே வீரியத்தின் வரைபடம் என்று எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டாம்.

ஆய்வுக்காலம் குறுகியது என்பதால் ஒரு யோசனை. உங்கள் துறையில் முன்பே உருவாக்கிய நெல் தூயவழித் தொகுதி ஏதேனும் இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். இருந்தால், அதன் இரு பெற்றோருடன் கலக்கும் வேலையை ஒரு பருவத்தில் முடித்துவிடலாம். வயலில் பெற்றோர் இருவரையும் முதல் தலைமுறைக் கலப்பினத்தையும் ஒவ்வொரு பாத்தித் தொகுப்பிலும் நட மறக்காதீர்கள். அவை இல்லாமல் வீரியத்தை எதனோடும் ஒப்பிட முடியாது.

கேள்வி: ஆய்வுக் கட்டுரைகளில் 'லாட் 3' என்று வருகிறதே, அது என்ன?
– கல்லூரி மாணவர், திருச்சி

அந்த இடத்தில் விளைச்சலைப் பாதிக்கும் மரபணு இருக்கிறது என்று கொண்டால் கையிலுள்ள தரவு கிடைப்பதற்கான வாய்ப்பு, இல்லை என்று கொண்டால் கிடைப்பதற்கான வாய்ப்பைப் போல ஆயிரம் மடங்கு என்று பொருள். ஆயிரத்தின் பத்தடி மடக்கை 3. குறிப்பான்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்திலும் இதைக் கணக்கிடும் இடைவெளி வரைபட முறையை லாண்டரும் பாட்ஸ்டீனும் 1989-இல் தந்தார்கள். நூற்றுக்கணக்கான இடங்களில் தேடும்போது தற்செயலாகவே சில இடங்கள் 3-ஐத் தாண்டிவிடும் என்பதால், விளைச்சல் எண்களைச் செடிகளுக்கிடையே ஆயிரம் முறை கலைத்துப் போட்டு, அந்தத் தரவுக்குரிய வரம்பைக் கண்டறிவதே இப்போது வழக்கம்.

கேள்வி: நெல்லில் கலப்பின வீரியத்தின் மரபணுவைச் சீனர்கள் கண்டுபிடித்துவிட்டதாகச் சில ஆண்டுகளுக்கு முன் செய்தி படித்தேன். பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அது ஒரே மரபணுவா?
– ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தஞ்சாவூர்

தாங்கள் படித்தது பெரும்பாலும் 2016-இல் ஹான் பின் குழுவினர் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். 17 வீரிய ஒட்டு நெல் கலப்புகளிலிருந்து 10,074 எஃப்2 செடிகளை எடுத்து, அவற்றின் மரபமைப்பையும் பண்புகளையும் ஒப்பிட்ட மாபெரும் முயற்சி அது. எல்லாக் கலப்புகளுக்கும் பொதுவான இடம் ஒன்றுகூட அகப்படவில்லை. ஒவ்வொரு வகைக் கலப்பிலும், தாய்வழியிலிருந்து வரும் சில இடங்களே, தந்தையைவிடக் கலப்பினம் பெறும் கூடுதல் விளைச்சலில் பெரும்பங்கை விளக்கின. ஆகவே ஒரே மரபணு என்பது செய்தித்தாளின் சுருக்கம்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தனித்தனிப் பண்பாகப் பார்த்தபோது அந்த இடங்களில் பலவற்றில் தெரிந்தது பகுதி ஓங்குதன்மை மட்டுமே. விளைச்சலின் எல்லாக் கூறுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் கலந்த நிலை இரு பெற்றோரையும் மிஞ்சியது. இது முரணாகத் தோன்றலாம். ஒரு பெற்றோருக்குக் குத்துக்கு 10 கதிர், கதிருக்கு 200 மணி. மற்றதற்கு 20 கதிர், 100 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மொத்தம் 2,000 மணிகளே. கலப்பினம் இரு பண்பிலும் சரியாக நடுவில் நின்றால் 15 கதிர், 150 மணி; பெருக்கினால் 2,250. எந்தப் பண்பிலும் துளியும் ஓங்குதன்மை இல்லாமலே பன்னிரண்டரை விழுக்காடு வீரியம் வந்துவிட்டது. விளைச்சல் என்பது கூறுகளின் பெருக்கல் என்பதால், விளைச்சலை மட்டும் வரைந்து மிகை ஓங்குதன்மை என்று முடிவு கட்டுவதற்குமுன் கூறுகளைத் தனித்தனியே வரைய வேண்டும்.

எபிஸ்டாசிஸின் பங்கையும் தள்ளிவிட முடியாது. ஊஹான் குழுவினர் 1997-இல் ஷான்யூ 63-ஐ ஆய்ந்தபோது, தனி இடங்களின் விளைவைவிட இடங்களுக்கிடையிலான ஊடாட்டமே மேலோங்குவதாகக் கண்டார்கள். பின்னர் அழிவில்லாத எஃப்2 தொகுதியில், தனி இட விளைவுகளும் இரு இடங்களின் ஓங்குதன்மைகளுக்கு இடையிலான ஊடாட்டமும் சேர்ந்து வீரியத்தை விளக்கப் போதும் என்றார்கள். நெல்லின் இரு பெரும் உள்ளினங்களான இண்டிகாவையும் ஜப்பானிகாவையும் கலந்து 1995-இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில் ஓங்குதன்மையே முதன்மைக் காரணமாக வந்தது. வேறு பெற்றோர், வேறு தொகுதி, வேறு விடை. இவற்றில் எதுவும் பொய்யன்று.

கேள்வி: அப்படியானால் உண்மையான மிகை ஓங்குதன்மை எங்கும் இல்லையா?
– வாசகி, யாழ்ப்பாணம்

இருக்கிறது, தக்காளியில் தெளிவாகவே காட்டியிருக்கிறார்கள். இஸ்ரேலில் ஸமீரின் குழுவினர் காட்டுத் தக்காளியின் குரோமோசோம் துண்டுகளை ஒன்றொன்றாகப் பயிர்த் தக்காளிக்குள் புகுத்திய 76 வழிகளை வைத்திருந்தார்கள். மற்றப் பகுதிகள் எல்லாம் ஒன்றாகவே இருப்பதால், ஒரு துண்டின் விளைவைக் கலப்படமின்றிக் காண இத்தகைய தொகுதி உதவும். அவற்றைக் கலந்து பார்த்தபோது காய்ப்பு சார்ந்த பண்புகளில் மிகை ஓங்குதன்மை இடங்கள் மிகுதியாகவும், வளர்ச்சி சார்ந்த பண்புகளில் அரிதாகவும் தெரிந்தன. ஆனால் துண்டு என்பது பல மரபணுக்கள் கொண்டது. பிணைப்பின் மாயை அங்கும் புகலாம்.

ஐயமறக் காட்டியது 2010-இல் கிரீகர், லிப்மன், ஸமீர் ஆகியோரின் ஆய்வு. பூக்கத் தூண்டும் ஃபுளோரிஜெனை உருவாக்கும் எஸ்.எஃப்.டி. என்னும் மரபணு பழுதடைந்த செடிகளை இயல்பான செடிகளுடன் கலந்தார்கள். மாறியிருந்தது அந்த ஒரே மரபணு என்பதால் பிணைப்பைக் காரணம் காட்ட இடமில்லை. ஒரு பிரதி மட்டும் பழுதான கலப்பினங்களில் விளைச்சல் 60 விழுக்காடு வரை உயர்ந்தது. இரண்டு பிரதிகளும் இயங்கினால் ஃபுளோரிஜென் மிகுந்து குத்துத் தக்காளி விரைவில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. இரண்டும் பழுதானால் பூங்கொத்தே சரிவர வருவதில்லை. பாதி அளவே உகந்த அளவாக அமைகிறது. இதையும் பொதுவிதியாக்கிவிடக் கூடாது: வளர்ச்சியைத் தானே நிறுத்தும் குத்து வகைத் தக்காளியில்தான் இந்தப் பலன் தெரிகிறது. சோளத்தில் செடி உயரத்தைத் தீர்மானிக்கும் டி.டபிள்யூ.3 மரபணுப் பகுதியை 2015-இல் நுணுகி ஆய்ந்தபோது, அங்கே தெரிந்த மிகை ஓங்குதன்மைத் தோற்றம் விலகிய பிணைப்பாகவே முடிந்தது. மிகை ஓங்குதன்மை என்று ஒரு கட்டுரை சொன்னால், அது ஒற்றை மரபணு வரை இறங்கிப் பார்த்துச் சொன்னதா என்று கேட்பதே என் வழக்கம்.

கேள்வி: இத்தனை வரைபடங்களாலும் விவசாயிக்கு என்ன கிடைத்தது?
– கம்பு சாகுபடியாளர், விழுப்புரம் மாவட்டம்

உங்கள் பயிரையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலிருந்து வந்த டிஃப்ட் 23ஏ என்னும் ஆண்மலட்டு (வளமான மகரந்தம் தராத) வழியைக் கொண்டு லூதியானாவில் உருவாக்கிய எச்.பி.1 வீரிய ஒட்டுக் கம்பு 1965-இல் வெளிவந்தபோது, எந்த இரு வழிகளைக் கலந்தால் வீரியம் வரும் என்பதைக் கலந்து, நட்டு, அறுத்துப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. நூறு தாய்வழிகளும் நூறு தந்தைவழிகளும் இருந்தால் பத்தாயிரம் கலப்புகள். அத்தனையையும் வயலில் சோதிக்க யாராலும் முடியாது. இப்போது சில நூறு கலப்புகளை மட்டும் வயலில் அளந்து, குரோமோசோம் முழுவதும் பரவிய குறிப்பான்களின் கூட்டு விளைவையும் ஓங்குதன்மை விளைவையும் கணித்து, சோதிக்காத கலப்புகளின் விளைச்சலை முன்கூட்டியே மதிப்பிடுகிறார்கள். ஐதராபாத்தை அடுத்த பதான்செருவிலுள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் உள்ளிட்ட குழு 2017-இல் கம்பின் மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது 994 வழிகளின் டி.என்.ஏ.வையும் வரிசைப்படுத்தி, இத்தகைய கணிப்பை அதிலேயே செய்து காட்டியது. இதனால் கிடைப்பது காலச் சேமிப்பு. வயல் சோதனை எண்ணிக்கை குறையுமே தவிர நீங்காது. அடிச்சாம்பல் நோய்க்காக எச்.எச்.பி. 67 கம்பைக் குறிப்பான்களின் துணையுடன் மேம்படுத்தி 2005-இல் வெளியிட்டது இந்தக் கருவிகளின் வேறொரு பயன்.

ஆண்டுதோறும் விதை வாங்கும் செலவைக் குறைக்குமா என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். வரைபடம் அதைச் செய்யாது. அதற்கான முயற்சி வேறு திசையில் நடக்கிறது: நெல்லில் இனச்செல்களை உருவாக்கும் குன்றல் பிரிவைச் சார்ந்த மூன்று மரபணுக்களை முடக்கி, கருவுறாமலே கருவை வளரத் தூண்டி, தாயின் மரபமைப்பையே விதைக்குள் நகலெடுக்க முடியும் என்று 2019-இல் காட்டினார்கள், 2022-இல் ஒரு வீரிய ஒட்டு நெல்லில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட விதைகள் அப்படி நகலாகவே வந்தன. கரணையில் கரும்பு பெற்ற வசதியை விதையில் பெறும் முயற்சி இது. விவசாயியின் வயலுக்கு அது இன்னும் வரவில்லை.